ஒயில் போத்தலில் இருக்கும் எழுத்தை வாசிப்போம்



போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு கிழமையாக வரவில்லை. வீடு தேடிப் போனோம். வாப்பாவின் போட் எஞ்சின் கடலில் இறுகி நின்றுவிட்டதாம். உம்மாவின் காப்பு அடகுக்குப் போயிருந்தது. டூ-டீ ஒயில் விலை என்று, லொறிக்குப் போடும் ஒயிலைக் கலந்து ஓடியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அன்றிலிருந்து எதில் மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் ஒயிலில் மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை என்பது எங்கள் கருத்து.

டூ-ஸ்ட்ரோக்கில் ஒயிலும் எரிபொருளோடு சேர்ந்து எரிகிறது. லொறி ஒயிலில் உள்ள கல்சியம், நாகம் போன்றவை எரிந்து சாம்பலாகும். அது பிளக்கிலும் பிஸ்டன் வளையத்திலும் படியும்.

எல்லா டூ-டீ ஒயிலும் ஒன்றல்ல. போட் எஞ்சின் தண்ணீரால் குளிர்வது. அதற்குச் சாம்பல் விடாத, ‘டீசீ-டபிள்யூ3’ என்று போட்ட ஒயில் வேண்டும். புல்வெட்டும் மெஷின், வயலுக்கு மருந்தடிக்கும் மெஷின், செயின்சோ, பழைய த்ரீவீல் எல்லாம் காற்றால் குளிர்பவை, சூடு கூடியவை. அவற்றுக்கு ‘ஜாசோ எஃப்சீ’ அல்லது ‘எஃப்டீ’ என்று போட்டதுதான் பொருத்தம். மாற்றி ஊற்றினால் இரண்டுக்கும் கேடு.

சிலர் இதற்கு மேல் ‘பவர் கூடும்’ என்று சின்னப் போத்தல்களும் வாங்குகிறார்கள். தேவையான சேர்மானம் நல்ல ஒயிலிலேயே இருக்கிறது. அந்தக் காசைச் சரியான ஒயிலுக்குக் கொடுங்கள்.

அளவும் முக்கியம். 50க்கு 1 என்றால் 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். உங்கள் எஞ்சின் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதையே பாருங்கள். குறைந்தால் எஞ்சின் இறுகும். கூடினால் கரி பிடிக்கும், புகை கக்கும். எரியாத ஒயில் புகைக்குழாய் வழியே தண்ணீருக்குத்தான் போகிறது. நமது வாவியில்தான் இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கின்றன. அதைக் கெடுத்துவிட்டு நாளைக்கு எதைப் பிடிப்பது?

கடை வைத்திருக்கும் காக்காமாரே, ஒயில் கேட்டு வருபவரிடம் “எந்த எஞ்சினுக்கு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்களும் விகிதக் கணக்கை இனி இந்த ஒயில் போத்தலை வைத்தே படிப்பிக்கப் போகிறோம். வீட்டில் பிள்ளை அளந்து ஊற்றச் சொன்னால் கோபிக்காதீர்கள்.