ஆடிப் பெருக்கும் எங்கள் வாய்க்காலும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு அம்மி பறந்து போய் வெகு காலமாகிறது. ஆனால் அதைப் பறக்கடித்தது காற்று அல்ல. மிக்ஸி என்னும் யந்திரம். அது சமையலறைக்குள் காலடி வைத்த அன்றே அம்மி கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்குக் குடிபோய்விட்டது. காற்றுக்கும் யந்திரத்துக்கும் அசையாமல் இந்த வீட்டில் பாக்கி இருப்பவள் நான் ஒருத்திதான். மருமகளாக இந்த ஊருக்கு வந்து அறுபது வருஷங்கள் ஆகின்றன. ஆடி பிறந்து, கொல்லைத் தென்னைகள் தலைவிரித்து ஆடத் தொடங்கினால், என் மனமும் அவற்றோடு சேர்ந்து ஆடத் தொடங்கிவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் வருமா, வராதா என்னும் ஆட்டந்தான்!

ஆடி மாதத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு விசித்திரமான அபிப்பிராயம் உண்டு. கல்யாணம் கூடாது, புது வீடு புகக் கூடாது, புதிதாகக் கல்யாணமான பெண்ணைக்கூடத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். ஆனால் குடியானவன் வீட்டில் ஆடியை விட்டால் பிழைப்பு ஏது? "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று சொன்னவர்களும் நம் முன்னோர்கள்தானே? என் மாமியார் இதற்கு ஒரு சமாதானம் சொல்வார். "கையில் இருக்கிற காசெல்லாம் விதைக்கும் எருவுக்கும் கூலிக்கும் போகிற மாதம் இது. இதில் மேளத்துக்கும் பந்தலுக்கும் செலவழித்துவிட்டால், தை மாதத்தில் எதை அறுப்பது?" என்பார். சாஸ்திரம் படித்தவர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். எனக்கு என்னவோ மாமியாரின் சாஸ்திரமே போதுமென்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் கடைமடை ஊர். கல்லணையில் காவேரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. வெண்ணாறு பல கிளைகளாகிறது. கிளைகள் வாய்க்கால்களாகின்றன. அப்படிப் பிரிந்து பிரிந்து, இனிமேல் கடல்தான் என்று ஆகும் இடத்தில் நாங்கள் இருக்கிறோம். பூகோள புத்தகத்தில் எங்கள் ஆற்றுக்கு வேறு பெயர் இருக்கலாம். எங்களுக்கு அது காவேரிதான். எந்தக் கிளையில் ஓடி வந்தாலும் தாய் தாய்தானே?

அந்தத் தாய் ஆடி மாதத்தில் சூல் கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுக்க வேண்டாமா? அதற்காகத்தான் பதினெட்டாம் பெருக்கு அன்று புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று விதவிதமாகக் கிளறி ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகிறோம். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதப் பெருமாளே அன்று அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவேரிக்குச் சீர்வரிசை கொடுக்கிறார். எங்கள் ஊரில் எங்களால் முடிந்தது, ஆற்று மணலில் ஒரு பிள்ளையார், காதோலை, கருகமணி, மஞ்சள், குங்குமம், வெல்லம் கலந்த காப்பரிசி, ஒரு மஞ்சள் சரடு. ஸ்திரீகள் சரட்டைக் கழுத்தில் கட்டிக்கொள்வோம். ஆண்பிள்ளைகளுக்கு மணிக்கட்டில் கட்டுவோம். குழந்தைகள் சின்னஞ்சிறு சப்பரங்களைக் கடகடவென்று தெருவில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது முளைப்பாலிகை. நவதானியங்களைச் சட்டிகளில் விதைத்து, வீட்டு மூலையில் இருட்டில் வைத்து வளர்த்து, பெருக்கு அன்று ஆற்றில் கரைப்பது. என் மாமனார் பக்தியோடு கும்பிட்டுவிட்டு, அந்தச் சட்டிகளை ஒவ்வொன்றாகக் கூர்ந்து பார்ப்பார். எந்த விதை நன்றாக முளைத்திருக்கிறது, எது சோடை போயிற்று என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். கும்பிடுவதும் கவனித்துப் பார்ப்பதும் அவருக்கு இரண்டு வேலைகளல்ல. இதைப் பிற்பாடு நான் பல சமயங்களில் நினைத்துக்கொண்டதுண்டு.

என் மாமியார் 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளத்தைச் சிறுமியாகக் கண்டவர். அதுவும் ஆடி மாதத்தில் வந்த வெள்ளந்தான். அதற்கு அடுத்த வருஷம் மேட்டூரில் அணை கட்டத் தொடங்கி, 1934-ம் வருஷத்தில் முடித்தார்கள். 120 அடி ஆழத்துக்குத் தண்ணீரைத் தேக்குகிற அணை. அது வந்த பிறகு எங்களுக்குப் பஞ்சாங்கத்தில் இல்லாத ஒரு புண்ணிய தினம் கிடைத்தது. ஜூன் மாதம் 12-ந் தேதி என்பதே அது. அன்று மேட்டூரைத் திறந்தால் குறுவை உண்டு. தாமதித்தால் சம்பா மட்டுந்தான். மேலும் தாமதித்தால் அதுவும் பகவான் விட்ட வழி.

2012-ம் வருஷத்தில் அணையைத் திறந்தது செப்டம்பர் 17-ந் தேதி. அந்த வருஷத்து ஆடிப் பெருக்கை நான் மறக்க முடியாது. என் பேத்திக்கு அப்போது ஆறு வயது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, சப்பரத்தை இழுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி படித்துறைக்கு வந்தாள். கீழே வெறும் மணல். இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "அப்பாயி! ஆற்றுக்குப் போகலாம் என்று கூட்டி வந்தாயே, ஆறு எங்கே?" என்று கேட்டாள்.

நான் என்ன பதில் சொல்வேன்? அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து, மணலில் பள்ளம் பறித்து ஊற்றி, அதற்குப் பூஜை செய்தோம். பூ வைத்து முடிப்பதற்குள் மணல் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டது. 2017-ம் வருஷத்தில் இன்னும் மோசம். அக்டோபர் 2-ந் தேதிதான் திறந்தார்கள். அந்த வருஷமும் அடிபம்புக் காவேரிதான். ஆனால் இரண்டாம் தடவை எங்களில் யாருக்கும் அழுகை வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. மனுஷர்களுக்கு எதுவும் பழகிப்போய்விடுகிறது அல்லவா?

நிற்க. 2025-ம் வருஷத்து ஆடிப் பெருக்கு அன்று நடந்ததைச் சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

அந்த வருஷம் ஜூன் 12-ந் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடிற்று. பெருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். "ஆறு எங்கே?" என்று கேட்ட பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பூஜை முடிந்தது. படித்துறையில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிட்டோம். கை கழுவிக்கொண்டே மகன் மெதுவாக ஆரம்பித்தான்.

"அம்மா, நிலத்தை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு வருஷம் தண்ணீர் இல்லை. ஒரு வருஷம் வெள்ளம். 2018-ல் கஜா புயலில் கொல்லைத் தென்னை பாதி போயிற்று. ஆள் கிடைப்பதில்லை. கணக்குப் பார்த்தால் கைப்பிடித்தம். உனக்கும் வயதாகிறது. யாருக்காக இந்தப் பாடு?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எங்களுக்கு இருப்பது அரை வேலி, அதாவது பத்து மா. ஏக்கர் கணக்கில் மூன்றேகாலுக்குக் கொஞ்சம் அதிகம். அதில் அவன் படித்தான். அவனுடைய தங்கைக்குக் கல்யாணமாயிற்று. ஆனால் பழைய கடன் தீர்ந்ததற்காக இன்னொரு தலைமுறை நஷ்டப்பட வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? ஆகையால் நான் வாதாடவில்லை. "விற்பதானாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு விற்கலாம், தம்பி. வா, வயலுக்குப் போவோம்" என்றேன்.

போய்ப் பார்த்தால், வயலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது! நாற்றங்கால் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு பர்லாங்கு தூரத்தில் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. இங்கே நாற்று கருகுகிறது. காரணம் கேட்க ஜோசியர் தேவையில்லை. படித்துறைக்குக் கீழேயுள்ள மதகிலிருந்து வருகிற கன்னி வாய்க்கால் ஆகாயத் தாமரையும் காட்டாமணக்குமாகத் தூர்ந்து கிடந்தது. "யாராவது வந்து வெட்டுவார்கள்" என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம். அந்த ஒவ்வொருவரில் நானும் ஒருத்தி.

பேத்தி யாரையும் கேட்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். முதலில் அவள் கையில் வந்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதை அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே காதோலை, கருகமணி, காய்ந்துபோன பூச்சரம்.

"அப்பாயி, இது நாம் போட்டதாக இருக்குமோ?" என்றாள்.

யார் போட்டதோ, ஈசுவரனுக்குத்தான் தெரியும். ஆனால் நானும் எத்தனையோ வருஷங்கள் அப்படியே பையோடு ஆற்றில் விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான். மசக்கைக்காரிக்குச் சோறு போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவள் தொண்டையில் அடைப்பைத் திணித்திருக்கிறேன்! அன்று எனக்கு உண்டான வெட்கத்தை எழுத்தில் எழுத முடியாது.

சற்று நேரத்தில் மகன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். பக்கத்து வயல் ராவுத்தர் மண்வெட்டியுடன் வந்தார். "எங்கள் வயலுக்கும் இதே வாய்க்கால்தானே, ஆத்தா" என்றார். கீழத்தெருவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். பொழுது சாயும் சமயத்தில் வாய்க்கால் முனையில் ஒரு சத்தம் கேட்டது. சருகுகளைத் தள்ளிக்கொண்டு, நுரையும் செம்மண் நிறமுமாகத் தண்ணீர் வந்தது. என் மகன் சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து, சிறு பிள்ளையாக இருந்தபோது பார்ப்பானே, அதே மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பொறுத்தவரை அந்த வருஷத்துப் பெருக்குப் பூஜை அப்போதுதான் முடிந்தது.

இந்தக் காரியத்துக்குப் பழைய பெயர் குடிமராமத்து. ஊரார் சேர்ந்து ஊர் வாய்க்காலைச் செப்பனிடுவது. அந்தப் பழைய காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். மண் வெட்டியவர்களில் பலருக்கு நிலம் இல்லை. நிலம் உள்ளவர்கள் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் மாமனாரும் அப்படி நின்றவர்தான். இந்த வழக்கத்தை நடத்துவதற்கு 1858-ம் வருஷத்தில் ஆங்கிலேயர் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். மனம் ஒப்பிச் செய்ய வேண்டிய ஊர்க் காரியத்தைத் தண்டனைக்குப் பயந்து செய்யும்படி ஆயிற்று. 2017-ம் வருஷத்தில் தமிழக அரசாங்கம் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆனால் எந்தத் திட்டமும் எல்லா வயல் வாய்க்காலுக்கும் வருஷந்தோறும் வந்து நிற்குமா?

காவேரி வழக்குக்காக நாம் எவ்வளவு பாடுபட்டோம்! 1990-ம் வருஷத்தில் நடுவர் மன்றம் ஏற்பட்டது. 2007-ல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீர் 177.25 டி.எம்.சி. என்று தீர்மானித்தது. அது உரிமைக்கான போராட்டம், நடத்தியே ஆகவேண்டியது. பெரிய ஆறுகளையும் அணைகளையும் பராமரிப்பது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் அத்தனை தூரம் போராடிக் கொண்டுவந்த தண்ணீரைக் கடைசி இரண்டு பர்லாங்கில் நாமே தடுத்து நிறுத்தலாமா? சுயராஜ்யம் வந்தது 1947-ம் வருஷத்தில். எங்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேர 2025-ம் வருஷத்து ஆடிப் பெருக்கு வரையில் ஆகியிருக்கிறது. அதுவும் ஒரு பெண் குழந்தை இறங்கிய பிறகு!

"அப்படியானால் பாட்டி, பூஜை வேண்டாம், மண்வெட்டியே போதும் என்கிறீர்களா?" என்று யாரேனும் கேட்கலாம். அப்படியல்ல. கும்பிடாத கை வாய்க்காலை ஒரு வருஷம் வெட்டும். லாபம் இல்லையென்றால் மறு வருஷம் மண்வெட்டியைப் போட்டுவிடும். தாய் என்று நினைத்துக் கும்பிடுகிற கை, தண்ணீர் வராத வருஷத்திலும் வெட்டி வைத்துக் காத்திருக்கும். ஆனால் கும்பிட்டுவிட்டுப் படித்துறையோடு திரும்பிவிடுகிற பக்தி பாதிப் பக்தி. என் மாமனார் முளைப்பாலிகையைப் பார்த்த மாதிரி, கும்பிட்ட கண்ணாலேயே கவனித்தும் பார்க்க வேண்டும். இப்போது எங்கள் தெருப் பெண்கள் காதோலை கருகமணியை வாழையிலையில் வைத்துத்தான் எடுத்துப் போகிறோம். பை எதுவும் தண்ணீரில் விழக்கூடாது என்று படித்துறையில் நின்று பார்ப்பதற்கு ஒரு பாட்டி இருக்கிறாள். அவள் வாய்க்குப் பயந்தே பலர் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள்.

நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று ஊருக்குக் கிளம்பும்போது மகன், "இந்த வருஷம் இருக்கட்டும், அம்மா" என்றான். அவ்வளவுதான். விற்கமாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுடைய கணக்கு அவனுக்கு. எனக்குப் பின்னால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நிலத்தின் மேல் பிரியம் வைக்கச் சொல்லலாம். கட்டாயப்படுத்தினால் அதுவும் 1858-ம் வருஷத்துச் சட்டந்தான்.

ஆனால் இந்த ஆடி பிறப்பதற்கு முன்பே ஒரு நாள் இரவில் சென்னையிலிருந்து டெலிபோன் வந்தது. வழக்கமாக, "உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரை சாப்பிட்டாயா?" என்றுதான் ஆரம்பிப்பான். அன்று அதையெல்லாம் மறந்துவிட்டு எடுத்த எடுப்பில், "வாய்க்கால் வெட்ட எந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா?" என்று கேட்டான்.

மாத்திரை சாப்பிட்டேனா என்று எனக்கும் மறந்துபோயிற்று. மறுநாள் காலையில் முதல் வேலையாக, பரணிலிருந்த இரண்டாவது மண்வெட்டியை இறக்கிப் பிடி போடக் கொடுத்துவிட்டேன்.