முதுமைக்கு உகந்த காப்பு எது?

வருமான பேதம் பாராமல் 70 வயது நிரம்பிய அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024 அக்டோபர் 29 அன்று விரிவாக்கியதும், 2025 ஏப்ரலில் தில்லி அரசு தன் பங்காக ஐந்து லட்சம் சேர்த்து, ஆண்டுக்கு 10 லட்ச ரூபாய் வரை இலவச சிகிச்சைக்கு வழிவகுத்ததும் மனமாரப் போற்றத்தக்க காரியங்கள். தனியார் பாலிசிகளில் பழைய வியாதிகளுக்கு மூன்றாண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம்; ஆயுஷ்மான் பாரத்திலோ முதல் நாள் தொட்டே காப்பு உண்டு.

எனினும், தில்லி சாணக்யபுரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் ஒருவர், மாதந்தோறும் வாங்கும் இரத்த அழுத்த மாத்திரையை மத்திய அரசு சுகாதாரத் திட்டமே அளிக்கையில், ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தாலன்றி உதவாத புதிய திட்டத்துக்கு அவசரப்பட்டு மாறுவது விவேகமாகாது. தனியார் பாலிசி உடையோர் அதைக் கைவிடாமலே புதிய திட்டத்தின் அட்டையையும் பெறலாம். மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தினரோ இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும். ஆதலால், முதியோர் தீர்மானிக்குமுன், இவ்வித்தியாசங்களை அவரவர் பாஷையில் எடுத்துரைக்க ஒவ்வொரு அரசு மருந்தகத்திலும் பொறுப்புள்ள ஓர் ஊழியரை நியமிப்பது சர்க்காரின் தலையாய கடமை.