உணவுக்குழாய்ப் புற்றும் புரதச் சோதனையும்



கோலா பிலா வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாருக்கு உணவுக்குழாயில் புற்று கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் சில புரதங்களின் பெயர்களும், அவற்றுக்கு எதிரே எண்களும் இருக்கின்றனவாம். எண் கூடியிருப்பதால் இனி வைத்தியம் வீண் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்களாம். பெரியவரை வீட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

வேண்டாம், சகோதரி. அந்த எண்ணை மட்டும் பார்த்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. குடலுக்கும் இரைப்பைக்கும் இருப்பது போன்ற வெளி உறை இதற்குக் கிடையாது. இதன் சுவருக்குள்ளே நிணநீர்க் குழாய்கள் மேலும் கீழுமாக நெடுக ஓடுகின்றன. ஆகவே கட்டி சிறிதாக இருக்கும்போதே அதன் அணுக்கள் கழுத்துப் பக்கமோ வயிற்றுப் பக்கமோ உள்ள நெறிக்கட்டிகளுக்குப் போய்விடக்கூடும். இந்த நோயின் கொடுமையே அதுதான்.

அணுக்கள் எப்படிப் பிரிந்து போகின்றன? நம் உடலின் அணுக்கள் கைகோத்து நிற்பவை. அந்தக் கையாக இருப்பது ஈ-கேடரின் என்ற புரதம். ஜப்பானின் கியோத்தோ நகரத்து விஞ்ஞானி மசாத்தோஷி தக்கெய்ச்சி 1980-களில் இவ்வகைப் புரதங்களுக்குக் கேடரின் என்று பெயரிட்டார். புற்றணுவில் ஈ-கேடரின் குறைந்தால் பிடி தளர்கிறது, அணு கழன்றுகொள்கிறது. கழன்ற அணு சுற்றியுள்ள சதையை அரித்து வழி செய்துகொள்ள வேறு சில புரதங்களைப் பயன்படுத்துகிறது. அவற்றின் கதை வேடிக்கையானது. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எப்படிக் கரைகிறது என்று ஆராயப்போய், 1962-ல் அமெரிக்காவில் இந்த வகை நொதியை முதன்முதலில் கண்டார்கள். வாலைக் கரைக்கும் நொதியின் உறவினர்கள்தாம் இங்கே சதையைக் கரைக்கிறார்கள்!

ஈ-கேடரின் குறைந்த உணவுக்குழாய்க் கட்டிகள் நெறிக்கட்டிகளுக்கு அதிகம் பரவுகின்றன, அத்தகைய நோயாளிகளின் ஆயுளும் சராசரியில் குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இது பலரைச் சேர்த்துப் போட்ட கணக்கு. உங்கள் மாமனார் எத்தனை நாள் இருப்பார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றுவிடுபவை. டாக்டர் முதலில் பார்ப்பது, கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நெறிக்கட்டிகளில் பரவியிருக்கிறது, நோயாளி எவ்வளவு தெம்பாக இருக்கிறார் என்பவற்றைத்தான்.

இனி, இரத்தத்தில் பார்க்கும் புரதங்கள். உங்கள் தாளில் இருப்பவை இவையாகத்தான் இருக்கும். எஸ்.சி.சி. என்பது 1977-ல் ஜப்பானில், கருப்பை வாய்ப் புற்றிலிருந்து கண்டறியப்பட்டது. சி.இ.ஏ. என்பது 1965-ல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் முற்றும்போது இவை இரத்தத்தில் கூடுவதுண்டு. ஆனால் தோல் வியாதிக்காரருக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் எஸ்.சி.சி. கூடும். சிகரெட், சுருட்டுப் பிடிப்பவருக்கு சி.இ.ஏ. கூடும். இன்னொரு பக்கம், உண்மையிலேயே புற்று இருந்தும் ஆரம்பத்தில் எண் சரியாகவே இருக்கலாம். "இரத்தம் நல்லாத்தானே இருக்கு" என்று சும்மா இருந்துவிடுவது, எண்ணைக் கண்டு வைத்தியத்தை நிறுத்துவதைப் போலவே ஆபத்து. வைத்தியத்துக்கு முன்பு இருந்த எண் பின்பு இறங்கியதா, மறுபடி ஏறுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இது பெரிதும் உதவும்.

எண் கூடினால் நல்ல செய்தியாகக்கூடிய புரதமும் உண்டு. பி.டி.-எல்.1 என்பது அதன் பெயர். தொழிற்சாலை வாசலில் ஜாகாவிடம் பொய்ச்சீட்டைக் காட்டி உள்ளே நுழைகிறவனைப் போல, புற்றணு இந்தப் புரதத்தைக் காட்டி நம் உடலின் காவல் அணுக்களை ஏமாற்றுகிறது. காவல் அணுவின் பக்கம் உள்ள புரதத்தை 1992-ல் கண்டறிந்த கியோத்தோவின் தசுக்கு ஹோஞ்சோ 2018-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஏமாற்றைத் தடுக்கும் ஊசி மருந்துகள் இப்போது உணவுக்குழாய்ப் புற்றுக்கும் கொடுக்கப்படுகின்றன. கட்டியில் பி.டி.-எல்.1 மிகுந்திருந்தால் பலனும் பொதுவாகக் கூடுதல். விலைதான் மலைக்க வைக்கும். உணவுக்குழாயின் அடிப்பகுதியில், இரைப்பையை ஒட்டி வரும் சுரப்பி வகைப் புற்றுக்கு ஹெர்-2 என்ற புரதத்தையும் பார்ப்பார்கள். அது மிகுந்திருந்தால் அதற்கென்றே தனி மருந்து இருக்கிறது.

ஆகவே, சகோதரி, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இது எந்தப் புரதம், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இந்த எண்ணால் வைத்தியம் மாறுமா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். முற்றிய நோய் என்றாலும், அடைத்த குழாயில் வலைக்குழல் வைத்துக் கஞ்சியாவது இறங்கும்படி செய்யலாம், வலியைக் குறைக்கலாம். அதுவும் வைத்தியம்தான்.

மற்ற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் புற்று முதலில் சாப்பாட்டுத் தட்டில்தான் தெரியும். சோறு அடைக்கும், பெரியவர் சொல்லாமலே கஞ்சிக்கு மாறிவிடுவார், பிறகு தண்ணீரும் தயங்கும். உடம்பு இளைக்கும். இதை முதலில் கவனிக்கக்கூடியவர் பரிமாறுகிற மகளோ மருமகளோதான். இரண்டு வாரத்துக்கு மேல் சோறு சிக்கினால் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அங்கிருந்து கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா ஆஸ்பத்திரிக்கோ, சிரம்பானுக்கோ எழுதிக் கொடுப்பார்கள். குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

வெற்றிலைப் பெட்டியைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார்கள் கோபிப்பார்கள். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலை உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணம் என்றும், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுண்டாக்கும் பொருள் என்றும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் அறிவித்தது. மதுவும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சம்சுவும் மதுதான். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமும் இந்தக் குழாய்க்கு ஆகாதிருக்கலாம் என்று 2016-ல் அதே நிறுவனம் சொன்னது. விடியற்காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் குடிக்கும் தேநீரைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுங்கள்.