கணனி மூலை: பெயர் தெரியாமல் நின்ற கணனி



"தம்பி, இணையம் செத்துப்போச்சு. இண்டைக்கு டெர்மின் எடுக்காட்டி விசா முடிஞ்சிடும்" என்று ஓர் அக்கா தொலைபேசியில் பதறினார். போய்ப் பார்த்தேன். றூட்டர் விளக்குகள் ஒழுங்காகவே எரிந்தன. அவரின் கைத்தொலைபேசியும் அதே வைஃபையில் வேலை செய்தது. கணனியின் கறுப்புத் திரையில் 'பிங் 9.9.9.9' என்று அடித்தேன். பதில் வந்தது. ஆகவே லைனில் பிழையில்லை. பெயரைக் கொடுத்தால் இலக்கம் தேடித்தரும் டி.என்.எஸ். தான் படுத்துவிட்டது.

2010 மே 12ஆம் திகதி யேர்மனி முழுவதுமே இப்படித் தடுமாறியது. 'டி.ஈ.' என்று முடியும் முகவரிகளைப் பராமரிப்பது பிராங்பேர்ட்டிலுள்ள டெனிக். அதன் சேவர்கள் பலவற்றுக்குப் பெயர்ப்பட்டியல் அரைகுறையாகப் போனதால், இருக்கிற முகவரிகளையே "இல்லை" என்றன. மின்னஞ்சல்களும் திரும்பின. இந்தப் பிழைப்பதிலைக் கணனியும் கொஞ்சநேரம் ஞாபகம் வைத்திருக்கும், அதுதான் கரைச்சல்.

உங்கள் வீட்டில் கைத்தொலைபேசியிலும் வராவிட்டால் றூட்டரைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்துக் கொழுவுங்கள். கணனியில் மட்டும் வராவிட்டால் 'நொய் ஸ்டார்ட்டன்' அழுத்துங்கள். புதிய விண்டோஸில் வெறுமனே நிறுத்துவது பெரும்பாலும் அரைத்தூக்கம்தான், பழைய ஞாபகம் அழியாது.

அக்கா வீட்டில் அதுவும் சரிவரவில்லை. எந்தப் பெடியனோ விளையாட்டு வேகத்துக்கென்று பழைய டி.என்.எஸ். இலக்கமொன்றைக் கையால் போட்டிருந்தான். அதை எடுத்து 'ஔட்டோமாட்டிஷ்' ஆக்கினேன். தேத்தண்ணி ஆறமுதல் டெர்மின் கிடைத்துவிட்டது.