சாந்தோம் கோடும் டோக்கியோ வீதியும்

இக்காலத்துப் பிள்ளைகளின் உடையைப் பற்றிக் குறை கூறாத பெற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. மகன் இருவர் நுழையக்கூடிய அளவுக்கு அகன்ற சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறான். மகள் முழங்காலில் கிழிசலுள்ள கால்சராயை, கிழிசலுக்கும் சேர்த்து விலை கொடுத்து வாங்கி வருகிறாள். இருவர் மார்பிலும், வீட்டில் எவருக்கும் படிக்கத் தெரியாத ஜப்பானிய எழுத்துக்கள்! “ஊரார் என்ன நினைப்பார்கள்?” என்று தாய் கேட்கிறாள். பிழைக்க வந்த ஊரில் இக்கேள்விக்குக் கனம் அதிகம். சொந்த ஊரில் ஒருவன் கோணலாக உடுத்தினால் அவன் ஒருவனைத்தான் பேசுவார்கள். வந்த ஊரிலோ, “தமிழர் பிள்ளைகளே இப்படித்தான்” என்று ஒரு சொல்லில் அனைவரையும் அடக்கிவிடுவார்கள். தாயின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆகவே இம்மாதம் இப்பகுதியில், அந்த எழுத்துக்கள் பிறந்த நாட்டிலே இளைஞரின் உடை மாறி வந்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஜப்பான் எங்கே, மட்டாஞ்சேரி எங்கே என்று வாசகர்கள் வியக்க வேண்டா. அவ்வரலாற்றின் முற்பகுதியிலேயே நம் நாட்டுத் துணி ஒன்று இருக்கிறது.

1603 முதல் 1868 வரை ஜப்பானைத் தோக்குகாவா மரபினர் ஆண்டனர். அவர்களுடைய தலைநகராகிய எடோவே பின்னாளில் டோக்கியோ என்று பெயர் பெற்றது. அந்நகரத்து வணிகர்கள் செல்வத்தில் உயர்ந்தார்கள். ஆனால் சமூக வரிசையில் அவர்களுக்குக் கடைசி இடந்தான். பணம் இருக்கிறதென்று பிரபுக்களைப்போல் உடுத்திவிடலாமா? கூடாது என்று ஆட்சியாளர் மீண்டும் மீண்டும் சட்டம் பிறப்பித்தனர். உயர்ந்த பட்டும், பளிச்சிடும் நிறமும், பகட்டான சித்திர வேலையும் அவர்களுக்கு விலக்கப்பட்டன. நகர மக்கள் என்ன செய்தார்கள்? எதிர்த்து நிற்கவில்லை, பணிந்தும் போகவில்லை. விலக்கப்படாத பழுப்பிலும் சாம்பலிலும் எண்ணற்ற வேறுபாடுகளைக் கண்டுபிடித்தார்கள். ‘நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்’ என்பது இன்றும் அங்கே வழங்கும் வழக்கு. வெளியே எளிய பருத்தி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத பட்டு உள்துணி என்று அணிந்தார்கள். ஆரவாரமற்ற இந்த நேர்த்திக்கு ‘இகி’ என்று பெயர்.

அந்நாளில் ஜப்பானில் வாணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஐரோப்பியர் டச்சுக்காரர் மட்டுமே. 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் சிறு தீவில் அவர்கள் இருத்தி வைக்கப்பட்டிருந்தார்கள். 1663 முதல் 1795 வரை கொச்சியைத் தன் கையில் வைத்திருந்ததும் அதே டச்சுக் கம்பெனிதான். போர்ச்சுகீசியர் கட்டிய நம் மட்டாஞ்சேரி அரண்மனையைப் புதுப்பித்து, அதற்கு ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் வரக் காரணமானவர்களும் அவர்களே. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களுக்குக் கோட்டைகள் இருந்தன. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் அவர்களுடைய கப்பல்களில் கிழக்கே சென்றன. அவற்றுள் மெல்லிய கோடுகள் ஓடும் துணி ஒன்று எடோ நகரத்து வாலிபரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதற்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘சான்தோமே’. மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரே அது! பின்னர் ஜப்பானிய நெசவாளர் அதே கோட்டைத் தம் தறிகளிலும் நெய்யக் கற்றுக்கொண்டனர். எடோவின் நாகரிக இளைஞன் பெருமையோடு உடுத்தி நடந்த கோட்டுக்குப் பெயர் கொடுத்தது நம் கடற்கரை.

1868-க்குப் பின் ஜப்பான் மேனாட்டு முறைகளை மேற்கொண்டது. மாணவர்களுக்குப் படைவீரரின் உடையை ஒத்த, கழுத்தை மூடிய கருஞ்சட்டை வந்தது. 1920-களில் மாணவிகளுக்குக் கப்பல் மாலுமிகளின் உடையைப் பார்த்துச் சீருடை அமைத்தார்கள். செல்வன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒன்றுபோல் தோன்றச் செய்வது சீருடையின் நன்மை. அதை நாமும் அறிவோம். ஆயினும், ஒன்றுபோல் தோன்றுவதற்கு இளமை எளிதில் உடன்படுவதில்லை. 1970-களில் ஜப்பானிய அடங்காப் பெண்கள் சீருடைப் பாவாடையைக் கணுக்கால்வரை நீட்டிக்கொண்டார்கள், ஆசிரியர்கள் கண்டித்தார்கள். 1990-களில் அவர்களுக்குப் பின் வந்த பெண்கள் அதே பாவாடையை இடுப்பில் சுருட்டிக் குட்டையாக்கிக்கொண்டார்கள்; ஆசிரியர்கள் அப்போதும் கண்டித்தார்கள். நீளமும் குட்டையும் இதில் பொருளல்ல என்பது விளங்குகிறதல்லவா? பிறர் அளந்து கொடுத்ததைத் தன் அளவுக்கு மாற்றிக்கொள்வதே அவர்களுடைய விருப்பம்.

1964-ஆம் ஆண்டில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இஷிஸு கென்ஸுகே என்பவர் 1951-இல் ஒசாகாவில் தொடங்கிய ‘வான்’ என்னும் உடை நிறுவனம், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் உடையை ஜப்பானிய இளைஞருக்கு அறிமுகப்படுத்தியது. கழுத்துப் பட்டையில் பொத்தான் வைத்த சட்டை, கணுக்கால் தெரியும் கால்சராய், குறுகிய கோட்டு ஆகியவை அந்த மோஸ்தர். 1964 கோடையில் டோக்கியோவின் கின்ஸா பகுதியில், மியூக்கி வீதியில், இவ்வாறு உடுத்திய பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக நின்றார்கள். வேறு வேலை ஒன்றுமில்லை. நிற்பதும் பார்ப்பதுமே வேலை. பலர் வீட்டிலிருந்து பள்ளிச் சீருடையில் புறப்பட்டு, காப்பிக் கடையில் உடை மாற்றிக்கொண்டு, சீருடையைக் காகிதப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். கடைக்காரர்கள் முறையிட்டனர். அக்டோபரில் ஒலிம்பிக் பந்தயம். உலகமே வந்து பார்க்கும்போது தெருவில் இப்படிப் பிள்ளைகள் நின்றால் நாட்டுக்கு இழுக்கு என்று கருதிய போலீசார், செப்டம்பர் மாதத்தில் வீதியில் புகுந்து அவர்களைத் திரட்டிக்கொண்டு போயினர். ஊரார் என்ன நினைப்பார்களோ என்ற அதே தாயின் அச்சந்தான், அங்கே ஓர் அரசாங்கத்தையே பிடித்துக்கொண்டது! சில வாரங்கள் சென்றன. அக்டோபர் 10-ஆம் நாள் தொடக்க விழாவில் ஜப்பானிய வீரர்கள் அணிவகுத்து வந்தபோது, அவர்கள் மேல் கண்ணைப் பறிக்கும் சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சராயும் இருந்தன. வீதிப் பிள்ளைகளிடம் குற்றமாகத் தோன்றிய மேனாட்டுக் கோட்டு, விளையாட்டரங்கில் பெருமையாகிவிட்டது.

அந்த மியூக்கி வீதிப் பிள்ளைகள் விரும்பி அணிந்தவற்றுள் கட்டம் போட்ட ‘மெட்ராஸ்’ துணியும் ஒன்று. சென்னையைச் சுற்றிய ஊர்களின் கைத்தறிகளில் நெய்து, அமெரிக்காவுக்குச் சென்று, அங்கிருந்து மோஸ்தராகி ஜப்பானுக்கு வந்த துணி அது. நம் வீட்டுக் கைலியின் கட்டத்துக்கு அது நெருங்கிய உறவு. அதன் இயற்கைச் சாயம் ஒவ்வொரு சலவையிலும் சிறிது இறங்கி, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நம் ஊரில் சாயம் போனால் பழி யார் தலையில் விழும் என்பதை வெளுப்புத் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க வியாபாரிகளோ, 1960-களில், ‘சாயம் போவது உறுதி’ என்றே விளம்பரம் செய்து விற்றார்கள்! குறை என்று கழிக்கப்பட்டது அங்கே சிறப்பு என்று விலை பெற்றது.

பிறகு 1977 முதல் 1998 வரை, டோக்கியோவின் ஹராஜுக்குவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்திச் சாலையை மக்கள் நடமாட்டத்துக்கு விட்டார்கள். 1980-ஐ ஒட்டி ‘மூங்கில் குருத்துக் கூட்டம்’ என்ற பெயருடைய பிள்ளைகள் பளபளக்கும் தொளதொளத்த அங்கிகளை அணிந்து, ஒலிப்பெட்டியை வைத்துக்கொண்டு அங்கே ஆடினர். அதற்குப் பின் வந்தவர்கள் பழைய கிமோனோவைப் புதிய பாவாடையோடு சேர்த்தும், வெட்டியும் ஒட்டியும், தம் கையாலேயே உடை அமைத்துக்கொண்டார்கள். அவர்களைப் படம் எடுத்து வெளியிடுவதற்காகவே 1997-இல் ‘ஃப்ரூட்ஸ்’ என்னும் மாத இதழை அவோகி ஷோயிச்சி தொடங்கினார். இருபது ஆண்டுகள் நடத்தி, 2017-இல் அதை நிறுத்தினார். படம் எடுக்கத் தக்கவாறு உடுத்தும் பிள்ளைகள் இனித் தென்படவில்லை என்பதே அவர் கூறிய காரணம். மலிவான ஆயத்த உடைகள் கடைகளில் குவிந்து, எல்லாரும் ஒன்றையே வாங்கத் தொடங்கியதன் விளைவு இது என்று பலரும் கருதினர். போலீசாரால் ஒழிக்க முடியாததை மலிவுக் கடை ஒழித்துவிட்டது போலும்!

இனி நம் பக்கத்துக்கு வருவோம். உடை வெறும் விளையாட்டன்று என்பதைத் தமிழர்க்கு ஜப்பானியர் கற்பிக்க வேண்டியதில்லை. இன்று கன்னியாகுமரி மாவட்டமாயுள்ள தெற்குத் திருவிதாங்கூரில், நம் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் அவமதிப்பும் பட்டுப் போராடினார்கள். 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான அரசாணை அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் அப்போதும், மேற்குலத்துப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்று ஒரு வேலியும் இட்டது. “இன்னார் இதைத்தான் உடுத்த வேண்டும்” என்ற சொல்லின் கொடுமையை நம் முன்னோர் உடம்பால் அறிந்தவர்கள். அதே சொல்லை நம் பிள்ளைகளிடம் சொல்லுமுன் ஒரு கணம் நிதானிப்பது நல்லது.

மலையாள நாட்டு இளைஞரைப் பாருங்கள். 2015-இல் அல்போன்ஸ் புத்திரன் இயக்கிய ‘பிரேமம்’ படம் வெளிவந்தது. அவ்வாண்டு ஓணத்தின்போது கல்லூரிதோறும் கறுப்புச் சட்டையும் வெள்ளை முண்டுமாகப் பிள்ளைகள் திரண்டார்கள். தாத்தா உடுத்தியது பேரனுக்குப் புது மோஸ்தராயிற்று! முண்டை மடித்துக் கட்டி மிடுக்காக நடக்கும் அதே பிள்ளை, பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்துக் கீழே விடுகிறான். இவ்வழக்கம் நம் வேட்டிக்கும் உண்டு. உடுத்திய துணி மாறவில்லை. ஒரு கை அசைவில் மரியாதை வந்துவிட்டது. பெற்றோர் கண்டித்துக் கற்பிக்க வேண்டியது இந்தக் கை அசைவைத்தான், துணியை அன்று.

ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள தோபிக்கானாவை நாம் அனைவரும் அறிவோம். டச்சுக்காரர் தம் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே தொழில் செய்கின்றனர். இப்போதுள்ள துவைக்கும் அறைகள் 1976-இல் கொச்சி வளர்ச்சிக் கழகத்தால் கட்டப்பட்டவை. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி, ஊசியோ கவ்வியோ இன்றி உலர்த்தும் அழகைக் காண வெளிநாட்டார் வருகிறார்கள். அக்கயிற்றில் ஓட்டல் விரிப்பும், பள்ளிச் சீருடையும், கஞ்சி போட்ட முண்டும், ஜப்பானிய எழுத்துப் போட்ட சட்டையும் ஒரே வரிசையில் ஆடுகின்றன. அங்கே உயர்ந்த உடை, தாழ்ந்த உடை என்ற பேச்சில்லை. வெளுத்தது, வெளுக்காதது என்ற இரண்டே உண்டு.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வார்த்தை: மகனின் சட்டையைக் கண்டு மனம் பதற வேண்டா. இடத்துக்குத் தக்கதா, வீட்டு வரவுக்குத் தக்கதா, யாரோ அணிந்தான் என்பதற்காக அன்றித் தானே எண்ணித் தேர்ந்ததா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் அவன் நேரான விடை சொன்னால் விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: மார்பில் எழுதியிருப்பது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அணியுங்கள். மாதத்துக்கு ஒன்று வாங்கி எறிவதைவிட, இருப்பதை வெட்டித் தைத்துப் புதிதாக்குவதே ஹராஜுக்குப் பிள்ளைகள் காட்டிய திறமை. உங்கள் சட்டையை ஒரு முறையாவது நீங்களே துவைத்துப் பாருங்கள். நெய்தவர் ஒருவர், தைத்தவர் ஒருவர், வெளுத்தவர் ஒருவர் என்று மூவர் உழைப்பை ஓர் உடை சுமக்கிறது. அம்மூவருள் ஒருவராக உங்கள் தந்தையோ பாட்டனாரோ இருந்தால், நண்பர்கள் எதிரே அவர் தோளில் மூட்டையோடு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எதிரே சென்று அந்த மூட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் அணிந்திருப்பது எந்த நாட்டு மோஸ்தராயினும், தமிழர் பிள்ளைகள் இப்படித்தான் என்று ஊரார் சொல்லட்டும். அதைக் கேட்க நமக்கும் விருப்பந்தான்.