கொள்ளையர் கொடுத்த புகார்

2013 பிப்ரவரியில் பின்லாந்து போலீஸுக்கு விசித்திரமான புகார் ஒன்று போனது. எங்கள் இணையதளத்தின் வடிவமைப்பை அனுமதியின்றிக் காப்பியடித்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. புகார் கொடுத்தது பைரேட் பே. ஊரார் எடுத்த படத்தையும் பாட்டையும் அனுமதி கேட்காமல் பரிமாறிக்கொள்ள வழிகாட்டிப் பேர்போன சுவீடன் நாட்டுத் தளம். காப்பியடித்ததோ பின்லாந்தின் திருட்டுப் பிரதி எதிர்ப்பு அமைப்பு. காசு கொடுத்து வாங்குங்கள் என்று பிரசாரம் செய்வதற்காகக் கொள்ளையரின் பக்கத்தையே அச்சு அசலாக நகலெடுத்திருந்தது. இப்படித் திருடினால் உலகப் பொருளாதாரம் என்னாவது என்று அங்கலாய்த்தது பைரேட் பே. கேலிதான். ஆனாலும் குத்த வேண்டிய இடத்தில் குத்தியது.

2003ல் தொடங்கிய அந்தத் தளத்தில் படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. எந்தக் கோப்பை யாரிடமிருந்து பெறலாம் என்று காட்டும் டாரண்ட்டுகள் மட்டுமே. விலாசம் சொல்வது குற்றமா என்பது அதை நடத்தியவர்களின் வாதம். ஸ்டாக்ஹோம் நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. 2009 ஏப்ரல் 17ல் நான்கு பேருக்குத் தலா ஓராண்டுச் சிறை, மொத்தம் 3 கோடி குரோனர் இழப்பீடு. தீர்ப்பளித்த நீதிபதியே பதிப்புரிமைச் சங்கங்களில் உறுப்பினர் என்பது பிறகு வெளியே வந்தது. பாரபட்சம் ஏதுமில்லை என்று மேல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த வழக்கைப் பற்றி சைமன் குளோசே எடுத்த ஆவணப்படம் 2013ல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட அன்றே இணையத்திலும் இலவசமாக வெளியானது. யாரும் பகிரலாம் என்று எடுத்தவரே அனுமதித்த படம். சில மாதங்களில் வயாகாம், பாக்ஸ் போன்ற ஹாலிவுட் நிறுவனங்களின் பெயரில் கூகுளுக்கு நோட்டீஸ்கள் போயின. நீக்கச் சொன்ன பட்டியலில் இந்தப் படத்தின் இணைப்புகளும் இருந்தன! அடுத்தவர் சொத்தின் மேல் உரிமை கொண்டாடியது இம்முறை கொள்ளையர் அல்ல.

இந்தியாவும் இதற்கு விலக்கல்ல. 2012ல் '3' படத்தின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற தடையுத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் பைரேட் பேயை மட்டுமல்ல, விமியோ போன்ற ஒழுங்கான தளங்களையும் சேர்த்து மூடின. தனுஷ் படத்தைப் பார்க்கவே நினைக்காதவர்களும் அவதிப்பட்டார்கள். குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே முடக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்டால் பைரேட் பேயின் பக்கம் சாயத் தோன்றும். ஆர்போகா என்ற சுவீடன் ஊரின் பெயரைக் கேட்கும்வரை.

2008 மார்ச்சில் அங்கே இரண்டு சின்னக் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். சுவீடனில் அரசு ஆவணங்களை யாரும் கேட்டுப் பெறலாம் என்பது பழம்பெருமை வாய்ந்த சட்டம். அப்படிக் கிடைத்த புலனாய்வு ஆவணங்களை யாரோ டாரண்ட்டாக்கினார்கள். அதில் குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைப் படங்களும் இருந்தன. எடுத்துவிடுங்கள் என்று தகப்பனார் மன்றாடினார். பைரேட் பே மறுத்துவிட்டது. ஆவணம் சட்டப்படி பொதுச்சொத்து; எது தகும், எது தகாது என்று தீர்ப்பளிப்பது தங்கள் வேலையல்ல என்பது நிலைப்பாடு.

ஆனால் அங்கேயும் கத்தரிக்கோல் இருந்தது. மேலே போட்ட பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்றால் அந்த டாரண்ட் நீக்கப்படும் என்று தளமே அறிவித்திருந்தது. இறக்குபவர் ஏமாறக் கூடாதல்லவா? ஹாலிவுட் வக்கீல்களின் கடிதங்களைக் கேலிசெய்து பதில் எழுதியபோது நாடே கைதட்டியது. ஆர்போகாவிலிருந்து வந்தது வக்கீல் நோட்டீஸ் அல்ல. கேலி செய்ய அதில் எதுவும் இல்லை.

மறு வருடம் நால்வருக்கும் தண்டனை வாங்கிக் கொடுத்தவை பாட்டுகள், படங்கள், கணினி விளையாட்டுகள். ஆர்போகா படங்களுக்குப் பதிப்புரிமை கேட்டு வழக்காட எந்த நிறுவனமும் இருக்கவில்லை.