கணிப்பொறிக்குள் காடு வளருமா?

பைல் நாட்டுக் காடு ஐம்பது ஆண்டில் எப்படி இருக்கும்? கணிப்பொறி நொடியில் சொல்லிவிடும் என்கிறீர்கள். சொல்லும்தான், நம்பலாமா? ஜனாக், பாட்கின், வாலிஸ் மூவரும் 1972இல் வெளியிட்ட 'ஜபோவா' (பெயரே மூவரின் முதலெழுத்துகள்தாம்!) அமெரிக்காவின் ஹப்பார்டு புரூக் காட்டுக்கானது. அங்கே பனி பெய்யும், மேப்பிள் வளரும். அந்த எண்களைக் கொல்லிமலைக்குப் பொருத்துவது, அடுத்த வீட்டுப் பையன் அளவுக்கு உங்களுக்குச் சட்டை தைப்பதுதான்.

முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தார் 50 ஹெக்டேரைக் குறித்துக்கொண்டு, 1 செ.மீ. விட்டமுள்ள கன்றையும் விடாமல் அளந்தார்கள். யானையும் தீயும் கொண்டுபோகும் மரக்கணக்கு அப்படித்தான் கிடைத்தது.

பள்ளியருகே இருபது மரம் உங்களால் முடியாதா? தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் கோடிட்டு, ஆண்டுதோறும் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதுங்கள். மாதத்தை மாற்றாதீர்கள்; மழையில் பட்டை ஊறி உப்பும், கணக்குக் கெடும். பள்ளியை விட்டுப் போகையில் நோட்டைக் கீழ்வகுப்புத் தம்பி தங்கையரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.